அந்தப் பால் டின்னில் ஒன்றும் இல்லை

சேகர்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னை உன் வீட்டில் பார்த்துவிட்டு வந்தேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏன் என்பதும் தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். கஜா பெராங்கில் இருந்து ஆயர் குரோவுக்கு ஒரு பஸ் தூரம்தான், நேரில் வந்து பேசாமல் இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். நேரில் வந்தால் சொல்ல மாட்டேன், அதுதான் காரணம். இருபத்தெட்டு வருடமாக உன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பேப்பர் படித்து, ஊர்க்கதை பேசி, இதை மட்டும் சொல்லாமல் பழகிவிட்டேன். பேனாவைப் பிடித்தால் ஒருவேளை வெட்கம் கொஞ்சம் குறையும் என்று பார்க்கிறேன். எழுத்து கோணலாகப் போகும், பொறுத்துக்கொள்.

மாலினிக்கு ஐந்து வயது நிறைந்த நாள் அது. கேக் வெட்டியதும் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுப் பின்புறம் போனாள். உன் தொழிற்சாலையில் இயந்திரங்கள் வந்த பெட்டிப் பலகைகளை அங்கே அடுக்கி வைத்திருந்தாய். "தாத்தா, இதுல எனக்கு ஒரு அடுப்படி கட்டித் தாங்க. வெளியில. தண்ணி ஊத்தி மண்ணுச் சோறு ஆக்கற மாதிரி," என்றாள். கிழவன் நான் ஒரு வினாடி எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். சரிடா கண்ணு, அப்பாகிட்ட ரம்பம் இருக்கான்னு கேளு என்றேன். நீ வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். "வேணாம்பா. என் வீட்டுல அது வேணாம்," என்றாய். பிள்ளை அழுதாள். மருமகள், ஏங்க, பிள்ளை ஆசையாத்தானே கேக்குது என்றாள். அப்போதுதான் நீ, விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், அதைச் சொன்னாய். "அஞ்சு வயசுல நான் ஒரு புள்ளைக்கு விஷம் கொடுத்தவன். அப்பாவைக் கேட்டுப் பாரு, அவருக்குத் தெரியும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டில் இருந்த கேக்கைப் பார்த்தேன். "பழசெல்லாம் இப்ப எதுக்குப்பா," என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அந்தக் கேக்கையும் தின்று முடித்தேன் என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. திரும்பி வரும்போது உன் அம்மா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எங்கள் நிறுத்தத்தில் இறங்கிய பிறகு, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

எனவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைப் படிக்காமல் நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் இது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ருக்குமணிக்கு விஷம் கொடுத்தவன் நீ இல்லை, நான். நீ குப்பையிலிருந்து எடுத்து வந்த அந்தப் பால் டின்னில் ஒன்றும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே, அந்த நிமிடமே தெரியும். தெரிந்துதான் உன்னை அடித்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாடு சுதந்திரம் வாங்கி இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். கடைத்தெருவில் கட்டிய கொடிகள் மழையில் நனைந்து சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. நாம் கஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம், உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த வீட்டில் காமாட்சி அக்கா, எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட செட்டி வம்சம். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மட்டும் மலாய். அவளுடைய ஒரே மகள் ருக்கு. உன்னைவிட ஒரு வயது பெரியவள், ஆனால் அதிகாரத்தில் பத்து வயது பெரியவள். இரண்டு பேரும் எப்போது பார்த்தாலும் உன் அம்மாவின் விறகு அடுப்புப் பக்கத்திலேயே சிரட்டையும் மண்ணுமாகக் கடை பரப்பிவிடுவீர்கள். ஒருநாள் பொறி தெறித்து உன் சட்டையில் பிடித்துக்கொண்டது. உன் அம்மா கையாலேயே அடித்து அணைத்தாள். அன்று மாலை அவள் என்னிடம், "ஒண்ணு இதுங்களுக்கு வெளியில ஒரு இடம் பண்ணிக் கொடுங்க, இல்ல நான் இந்த அடுப்பை இடிச்சுப் போட்டுடுவேன்," என்றாள். அடுப்படி கட்டும் யோசனை அப்படித்தான் வந்தது. உங்களை ஆபத்தில் இருந்து காப்பாற்றத்தான் நான் ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

நான் அப்போது ஆற்றோரம் ஒரு ஸ்டோரில் வேலை பார்த்தேன். ரப்பர் தோட்டங்களுக்கு வேண்டிய பால் கோப்பை, வெட்டுக்கத்தி, வாளி, லாலான் மருந்து எல்லாம் அங்கிருந்துதான் போகும். லாலான் என்ற முரட்டுப் புல் கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே காடாக மண்டும். அதைக் கருக்க அடிக்கிற மருந்து அது. பீப்பாயில் வரும், சில பீப்பாய்கள் ஒழுகும். பீப்பாய் நின்ற மூலையில் தரைப் பலகையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்த மூலையில் யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதற்காகப் பலகை மேலேயே கறுப்புச் சாயத்தில் மண்டை ஓடு வரைந்திருந்தார்கள். அந்த வருடம் முதலாளி தரையைப் பெயர்த்துச் சிமெண்டு போட்டார். பெயர்த்த பலகைகளில் அந்த மூலைப் பலகைகளை மட்டும் தனியாகப் போட்டு, "இதை எரிச்சிடு, யாருக்கும் கொடுக்காதே," என்று என்னிடம்தான் சொன்னார். நன்றாகக் கேட்டுக்கொள், என்னிடம்தான் சொன்னார். தெரியாமல் எடுத்து வந்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஆனால் அவை செங்கால் மரத்துப் பலகைகள் சேகர். ஒரு சாண் அகலம், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அதை எப்படி எரிப்பது? நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல பலகை எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. சோற்றைக் குப்பையில் கொட்டுவது போல மனது அடித்துக்கொள்ளும். நாலு பலகையைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டேன். அடுப்படிக்கு மற்ற மரமெல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. உஜோங் பாசிரில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது ஜன்னல் கதவு இரண்டு கிடைத்தது, சோப்புப் பெட்டிகள் இருந்தன. மேல்பலகைக்குத்தான் அகலமான மரம் இல்லாமல் இருந்தது. இந்த நாலையும் சோப்பும் தேங்காய் மட்டையும் போட்டு மூன்று முறை தேய்த்தேன், மூன்று நாள் வெயிலில் போட்டேன். பிறகு இழைப்புளியை எடுத்து அந்த மண்டை ஓட்டை இழைத்துத் தள்ளினேன். பிள்ளைகள் பார்த்தால் பயப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா பார்த்துவிடுவாள் என்பதுதான் உண்மைக் காரணம். அவள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மருந்து வாளியில் வாய் வைத்த மாடு விழுந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். பலகை எங்கிருந்து என்று கேட்டாள். எல்லாமே உஜோங் பாசிர் வீட்டு மரம்தான் என்றேன். என் முதல் பொய் அதுதான், உன்னைப் பற்றிய பொய்க்கு முன்பே அவளிடம் சொன்னது.

அடுப்படி அழகாகத்தான் வந்தது. உன் இடுப்பு உயரத்துக்கு மேல்பலகை, அதில் வட்டமாக ஒரு துளை வெட்டி எனாமல் மங்குக் கிண்ணம் ஒன்றைப் பதித்தேன். பின்னால் ஜன்னல் கதவை நிறுத்தி அதில் கரண்டி மாட்ட ஆணி அடித்தேன். ஒரு ஓரத்தில் தகரம் போட்டு மூன்று செங்கல் வைத்தேன், அதுதான் அடுப்பு. நெருப்பு மட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ருக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன் அம்மாவிடம் வந்து நின்றாள். பக்கத்தில் ஒரு புதுமனைக்குப் போய்விட்டு வந்திருந்தாள் போலிருக்கிறது. "அத்தை, புது வீடுன்னா பால் காய்ச்சணும்தானே? இது புது டாப்பூர்தானே?" என்றாள். மலாயில் அடுக்களைக்கு அதுதான் பெயர். உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரி, ஒரு நாளைக்குத்தானே என்று அரைக் கோப்பைப் பால் கொடுத்தாள். பாத்திரம் வேண்டுமே என்றதும் நீ ஓடினாய். வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் இருந்து ஒரு பால்மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதைக் கண்டுபிடித்ததில் உனக்கு அவ்வளவு பெருமை. உன் அம்மா அதை வாங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்து, தானே நெருப்பையும் மூட்டினாள்.

பால் பொங்கியது. பொங்கி வழிய வேண்டும் என்பதுதானே முறை, ருக்கு அதில் கறாராக இருந்தாள். தகரத்தைத் தாண்டிப் பலகை மேல் ஓடி, இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் போய்த் தேங்கியது. நீங்கள் கைதட்டினீர்கள், காமாட்சி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குலவை போட்டாள். நீ டின்னில் மிஞ்சியதை ஊதி ஊதிக் குடித்தாய். ருக்கு வீட்டுக்காரி அல்லவா, பொங்கி வழிந்ததை வீணாக்கக் கூடாது என்று சிரட்டையால் வழித்து எடுத்துக் குடித்தாள். மிச்சத்தை விரலால் துடைத்து நக்கினாள். நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அந்த மண்டை ஓடு ஞாபகம் வந்தது. உடனே, மூன்று தடவை கழுவியாச்சே, இழைத்தாச்சே, என்ன ஆகப்போகிறது என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அந்த ஒரு கணத்தில் நான் எட்டி அந்தச் சிரட்டையைப் பிடுங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, ருக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் கழிசல், கஞ்சித் தண்ணீர் போல. கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. காமாட்சி அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்து, "அபா காசி மாக்கான்? என்ன கொடுத்தீங்க என் பிள்ளைக்கு?" என்று கத்தினாள். மலாயும் அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையும் கலந்து வந்தது. பேச்சா என்ற மூன்று சக்கர ரிக்ஷாவில் அவர்களை ஏற்றி விட்டு நான் பின்னாலேயே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டருக்கு உதவியாக ஒரு தமிழ் டிரஸ்ஸர் இருந்தார். "என்ன சாப்பிட்டுச்சு பிள்ளை?" என்றார். பால் என்றோம். "பால் குடிச்சா இப்படி ஆகாதே. வேற என்ன?" என்றார். நான் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டேன். டாக்டர் வந்தார், பார்த்தார், ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். காலராவோ என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று கணக்குப் போட்டேன். சொன்னால் எரிக்கச் சொன்ன பலகை வெளியே வரும், வேலை போகும், போலீஸ் வரும். குடியுரிமைக்கு அப்போதுதான் மனு கொடுத்திருந்தேன். நல்ல நடத்தை உள்ளவன் என்று இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். அது இல்லாமல் போனால் இந்த நாட்டில் நாம் யார், எங்கே போவோம் என்று ஊரே பயந்துகொண்டிருந்த காலம் அது. உள்ளே ஒரு ஆறு வயதுப் பிள்ளை முறுக்கிக்கொண்டு கிடக்கிறாள், வெளியே நான் காகிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறேன். முக்கால் மணி நேரம் அப்படி நின்றேன்.

அப்புறம் டிரஸ்ஸர் வெளியே வந்து தலையை ஆட்டினார். "ஐயா, என்னன்னு தெரியாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பிள்ளை தாங்காது," என்றார். அதே நேரம் உன் அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். நீ அந்த டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். ருக்குவிடம் காட்டினால் சிரிப்பாள் என்று எடுத்து வந்தாயாம். அந்த டின்னைப் பார்த்ததும் எனக்குப் பொய் முழுசாக, ஒரு ஓட்டை இல்லாமல் வந்துவிட்டது. பிள்ளையும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். "இவன்தாங்க, குப்பையில இருந்து இந்த டின்னைத் தூக்கிட்டு வந்து அதுல பால் காய்ச்சியிருக்கான். யாரோ லாலான் மருந்து ஊத்தி வெச்சிருந்த டின் போல," என்றேன். டிரஸ்ஸர் டின்னை உன் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அதற்கென்று ஒரு ஊசி இருந்தது. அதைப் போட்டார்கள்.

எல்லோரும் நம்பவேண்டும் என்பதற்காக நான் உன் பக்கம் திரும்பினேன். காமாட்சி அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன்னை அடித்தேன். கன்னத்தில் இரண்டு, முதுகில் எத்தனை என்று தெரியாது. "குப்பையில கை வைப்பியா, குப்பையில கை வைப்பியா," என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ அழவில்லை. உன் கைகள் அந்த டின்னைப் பிடித்த மாதிரியே வளைந்து நின்றன. காமாட்சி அக்காதான் வந்து என் கையைப் பிடித்து, "சுடா லா, போதும், சிறு பிள்ளை, தெரியாம செஞ்சது," என்று தடுத்தாள். மகள் உள்ளே உயிருக்குப் போராடும்போது அவள் உனக்காகப் பேசினாள். நான் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

உன் அம்மாவுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்து, "டின்னை நான்தானே சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்? அவனும் அதுலதானே குடிச்சான்? அவனுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?" என்றாள். உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். "சும்மா இரு," என்றேன். மறுநாள் விடிந்ததும் நான் மேல்பலகை நாலையும் கழற்றிக்கொண்டிருந்தேன். வேறு பலகை அடித்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று எண்ணம். அவள் பின்னால் வந்து நின்றாள். "உஜோங் பாசிர் மரம்தானே, அதை எதுக்குக் கழட்டுறீங்க?" என்றாள். நான் அடுத்த ஆணியைப் பிடுங்கினேன். அவள் குனிந்து பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தை நான் இழைக்கவில்லை, பலகை இடுக்கில் வெள்ளை அப்படியே இருந்தது. நிமிர்ந்து, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். நான் அவள் காலில் விழாத குறை. குடியுரிமைப் பத்திரம் வரட்டும், வந்த மறுநாள் சொல்லிவிடுகிறேன் என்றேன். நான்தான் சொல்ல வேண்டும், அவள் சொன்னால் நான் தொலைந்தேன் என்று சத்தியம் வாங்கினேன். அந்தப் பலகைகளை ஸ்டோருக்கே கொண்டு போய், புகை படாத பக்கம் நின்று எரித்தேன். முதலாளி சொன்னதை அன்றைக்குத்தான் செய்தேன்.

பத்திரம் வந்தது. அதற்குப் பிறகு ஸ்டோரில் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள், இந்த நேரத்தில் வேண்டாம் என்று நினைத்தேன். அப்புறம் நீ பள்ளிக்கூடம் போனாய், பிள்ளை மனம் குழம்பும் என்று நினைத்தேன். ஒரு காரணம் தீர்ந்தால் இன்னொன்று தயாராக இருந்தது. ருக்கு பிழைத்து வந்தாள், ஆனால் மூன்று வாரம் கழித்து வந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் அவள் நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. அது நகத்தோடு வளர்ந்து வெளியே போய் வெட்டுப்படும்வரை நான் அவள் கையைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். பாதம் மரத்துப் போயிருந்தது. வலது கால் தேறியது, இடது கால் இன்றைக்கும் இழுத்துத்தான் நடக்கிறாள். பள்ளிக்கு அவள் ஒரு வருடம் தாமதித்து உன்னோடுதான் சேர்ந்தாள், நீ முதல் வகுப்பில் இருந்து ஆறாம் வகுப்பு வரை அவள் புத்தகப் பையைச் சுமந்தாய். ஒரு தோளில் உன் பை, ஒரு தோளில் அவள் பை. மழைக்காலத்தில் குடையையும் அவளுக்கே பிடித்துக்கொண்டு நீ நனைந்துகொண்டு போவாய். எவ்வளவு நல்ல பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லும், நானும் தலையை ஆட்டுவேன். காமாட்சி அக்கா கடைசி வரை உன்னைத் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தாள். உன்னை மன்னித்துவிட்ட நிம்மதியோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

நீ பால் குடிப்பதை விட்டாய். யாருக்கும் உன் கையால் ஒரு பலகாரம் எடுத்துக் கொடுக்க மாட்டாய், தட்டை நகர்த்தி வைப்பாய். உன் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுக்கச் சொன்னபோது நீ கரண்டியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றாய். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று பெண்கள் கேலி செய்தார்கள். கரண்டியை நீ திரும்பக் கிண்ணத்திலேயே வைத்ததை நான் பார்த்தேன், உன் அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் நானும் சிரித்தேன்.

நேற்று ருக்கு வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில், "சேகருக்குத் தெரியுமா மாமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப எனக்கு ஏன் முதல்ல சொன்னீங்க?" என்றாள். உன்னிடம் சொல்வதை விட அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது, உண்மை அதுதான். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "கால் போனது போச்சு. ஆனா ஆறு வருஷம் அவன் என் பையைத் தூக்கிட்டு வந்தான். நான் பின்னாலேயே அவனைத் திட்டிக்கிட்டே நடந்தேன், தெரியுமா உங்களுக்கு? தினமும். வாய்க்கு வந்தபடி. ஒரு நாள் கூட அவன் திருப்பிப் பேசினதில்ல," என்று சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க மாமா. அவன்கிட்ட சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க வராதீங்க," என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

உன் வீட்டுப் பலகைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். அவை எதைச் சுமந்து வந்தவை என்று தொழிற்சாலையில் வாய்விட்டுக் கேள். கேட்க வெட்கப்படாதே, கேட்டவன் கெட்டுப்போனதில்லை, கேட்காதவன் நான் இருக்கிறேன். பலகையில் ஏதாவது முத்திரை இருந்தால் அதன் அர்த்தம் தெரியும்வரை உள்ளே கொண்டு வராதே. எண்ணெய்க் கறை, வெள்ளைப் பூப்பு, மூக்கைத் துளைக்கும் வாடை இருந்தால் வேண்டவே வேண்டாம். சந்தேகம் வந்தால் கடையில் புதுப் பலகை வாங்கு. மற்றபடி மாலினிக்கு அந்த அடுப்படியைக் கட்டிக் கொடு. நீயே கட்டு. மேல்பலகையை அவள் இடுப்புக்கு வை, மங்குக்குத் துளை வெட்டும்போது விளிம்பை நன்றாக இழைத்துவிடு, இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். அவள் மண்ணுச் சோறு போட்டுக் கொடுத்தால் கை நீட்டி வாங்கு. நீயும் அவளுக்குப் போட்டுக் கொடு. உன் கையில் எந்த விஷமும் இருந்ததில்லை.

ஒன்று மட்டும் இன்னும் எழுதவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, எனக்கு ஒரு நாள் கூட மறக்கவில்லை. அன்று ஊசி போட்ட பிறகு, பிள்ளை கண் விழித்துவிட்டாள் என்று டிரஸ்ஸர் வந்து சொன்னார். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நீ மெல்ல வந்து என் முழங்காலைத் தொட்டாய். உன் கன்னத்தில் என் விரல் தடம் சிவந்து கிடந்தது. "அப்பா, கோச்சிக்காதீங்கப்பா. தெரியாம எடுத்துட்டேன். இனிமே குப்பையில கை வைக்க மாட்டேன்," என்றாய். நான் உன் தலையில் கை வைத்து, "சரி விடு. அப்பா உன்னை மன்னிச்சிட்டேன்," என்றேன். அதைக் கேட்டதும் உன் முகம் தெளிந்துவிட்டது. என் மடியிலேயே தூங்கிவிட்டாய்.

செய்தவன் நான், செய்யாத உன்னை மன்னித்தேன். அடித்ததற்கு உன் காலில் விழலாம், பொய்க்கும் விழலாம். ஆனால் அந்த மன்னிப்பைக் கொடுக்க எனக்கு எந்த உரிமையும் இருந்ததில்லை. நீ அதை உண்மை என்று நம்பி இத்தனை வருடமாக வைத்திருக்கிறாய். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் சேகர். உன்னை மன்னிக்க ஒன்றும் இருந்ததே இல்லை.

அப்பா